சேலத்தில் சின்ன மெதடிஸ்ட் சபை: பண்டிகைக் காலத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

ஜங்ஷன்வாசி கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சூரமங்கலம் பக்கம் ஒரு சின்ன மெதடிஸ்ட் சபை எங்களுடையது. 64 குடும்பம். ஞாயிற்றுக்கிழமை நிறைந்தால் 150 பேர் இருப்போம், பெரிய வெள்ளிக்கு மட்டும் வாசலில் சேர் போட வேண்டியிருக்கும். போன மாதம் சபைக் குழுவில் என்னைப் பண்டிகைக் கமிட்டிச் செயலாளராகப் போட்டுவிட்டார்கள். நான் கை தூக்கவில்லை. வெளியே நின்று போன் பேசிக்கொண்டிருந்தேன், உள்ளே வந்தால் எல்லாரும் கைதட்டுகிறார்கள், எதற்கு என்று கேட்டால் எனக்காம்.

முதல் கூட்டத்திலேயே தெரிந்துவிட்டது, ஏன் வேறு யாரும் முன்வரவில்லை என்று. அக்டோபரில் அறுப்பின் பண்டிகை (விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடுவது), அது முடிந்ததும் ஞாயிறு பள்ளி ஆண்டு விழா, டிசம்பர் பிறந்தால் பெண்கள் ஐக்கியத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ், வாலிபர் ஐக்கியத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ், வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிற கேரல் ரவுண்டு ஆறு ராத்திரி, 25 அதிகாலை ஆராதனை, 31 இரவு வாட்ச் நைட் என்கிற விழிப்பு ஆராதனை, அது முடிந்த கையோடு நம்மைக் கடவுளுக்குத் திரும்ப ஒப்புக்கொடுக்கிற உடன்படிக்கை ஆராதனை, திருவிருந்து, கேக். வீட்டுக்குப் போய்ப் படுக்க இரண்டரை மணி ஆகும். இதையெல்லாம் தூக்கிச் சுமப்பது அதே பத்துப் பன்னிரண்டு பேர்தான். போன வருஷம் ஜனவரி முதல் ஞாயிறு கோயிலில் பாதிப் பேரைக் காணோம், வந்த பாதியும் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியது. இந்த வருஷம் போதகரும் புதிதாக மாற்றலாகி வந்தவர், வீடுகள் எது எங்கே என்று இன்னும் பிடிபடவில்லை அவருக்கு.

இதில் எனக்கு இரண்டு விஷயம் உறுத்துகிறது.

ஒன்று, ஏலம். அறுப்பின் பண்டிகையில் ஒரு நாட்டுக்கோழி ஏலத்துக்கு வந்தது. வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குப் பற்றவைக்கிற வேலை செய்யும் ஒரு அண்ணனின் மகள் அந்தக் கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள், விடமாட்டேன் என்கிறாள். மைக்கில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு "அண்ணன் விட்டுக்கொடுக்க மாட்டார், அண்ணன் விட்டுக்கொடுக்க மாட்டார்" என்று ஏற்றிக்கொண்டே போனார், எதிரில் ஒரு கடைக்காரர் விளையாட்டாகக் கேட்டுக்கொண்டே போக, கடைசியில் 1,400 ரூபாய்க்கு அந்த அண்ணன் தலையில் முடிந்தது. கையில் இருந்த 200 ரூபாயைக் கொடுத்தார். மீதி இன்னும் வரவில்லை, அவரும் வரவில்லை. மனைவியும் பிள்ளையும் மட்டும் வருகிறார்கள். பாக்கிப் பட்டியலைப் பொருளாளர் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார் என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது, கேரல். ஐந்தாம் ராத்திரி, ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டி வீடு கடைசி. தனியாக இருக்கிறார். மணி ஒன்றரை, பாடுகிறவர்களுக்குத் தொண்டை போய்விட்டது, வேன்காரர் முணுமுணுக்கிறார், சரி, பாட்டி இந்நேரம் தூங்கியிருப்பார் என்று நாங்களே முடிவு பண்ணித் திரும்பிவிட்டோம். (நானும் அந்த வேனில்தான் இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.) மறுநாள் அவருடைய பக்கத்து வீட்டம்மா, ஆடிக்குக் கோட்டை மாரியம்மனுக்கு ஊற்றிய கூழைக் கொண்டுவந்து பாட்டிக்குக் கொடுக்கிறவர், என் மனைவியைச் சந்தையில் பார்த்துச் சொன்னார்: பாட்டி அவரிடம் 30 டம்ளர் கடன் வாங்கி, பனங்கற்கண்டு போட்டுப் பால் காய்ச்சி வைத்துக்கொண்டு, கதவைத் திறந்தபடி இரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தாராம். காலையில் டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது "பாலை நீயே எடுத்துக்கோ, ஆடை கட்டிப்போச்சு" என்றாராம். எங்களிடம் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது கமிட்டியில் பெரியவர்கள் சிலர், வீடு வீடாகப் போவதை நிறுத்திவிட்டு ஒரே ராத்திரி கோயில் வளாகத்தில் எல்லாரையும் கூப்பிட்டுக் கேரல் வைத்துவிடலாம் என்கிறார்கள். வாலிபர்கள் அதற்கு ஒத்துவரவில்லை, அவர்களுக்குத் திறந்த வண்டியில் சீரியல் செட்டும் ஸ்பீக்கரும் கட்டிக்கொண்டு ஊர்வலம் போக வேண்டும். ஆடித் திருவிழாவுக்குக் குகைப் பகுதியில் ஜோடித்த வண்டிகள் ஊர்வலம் போகுமே, அந்த வண்டி வேடிக்கை மாதிரியா என்று ஒருவர் கேட்க, ஆமாம் என்று ஒரு பையன் சீரியஸாகவே சொன்னான். வாட்ச் நைட்டையும் உடன்படிக்கையையும் பிரிப்பதா சேர்ப்பதா என்று தனிச் சண்டை. "மெதடிஸ்ட் என்றால் இதெல்லாம் இப்படித்தான்" என்று இரண்டு பக்கமும் சொல்கிறது. உங்கள் சபைகளில் என்ன செய்கிறீர்கள்? ஏலத்துக்கு ஏதாவது வழி இருக்கிறதா?


அஸ்தம்பட்டி அக்கா எழுதியது:

தம்பி, முதலில் அந்த நோட்டீஸ் போர்டுப் பேப்பரைக் கிழித்துப் போடு. பொருளாளர் கோபித்துக்கொண்டால் நான் சொன்னேன் என்று சொல்.

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பிறந்த வீடு மன்னார்குடிப் பக்கம், அங்கே எங்கள் தாத்தா காலத்தில் வெஸ்லியன் மிஷன், அதாவது இங்கிலாந்து மெதடிஸ்ட்களின் மிஷன். இப்போது சேலத்துக்கு வாக்கப்பட்டு 27 வருஷம். ஏலத்தில் இந்த மாதிரி கூத்து எங்கள் சபையிலும் நடந்திருக்கிறது, எங்கள் ஊரில் அது கோழி இல்லை, ஒரு கேக். எட்டு வருஷத்துக்கு முன்பு பெண்கள் சங்கத்தில் உட்கார்ந்து பேசி மாற்றினோம். சமைத்த பொருள், காய்கறி, முட்டை, கோழி இதெல்லாம் ஏலத்துக்கே வராது. மேஜை போட்டு, விலைச்சீட்டு ஒட்டி, கடைவிலைக்குக் கொஞ்சம் கம்மியாகவே விற்றுவிடுவோம், ஒரு மணி நேரத்தில் காலி. ஏலம் மூன்றே பொருளுக்கு. ஒரு வாழைத்தார், ஒரு கரும்புக் கட்டு, சங்கத்தில் தைத்த ஒரு மெத்தை விரிப்பு. அதைக் கேட்கிறவர்கள் யார் யார் என்று எல்லாருக்கும் முன்னாலேயே தெரியும், அவர்களுக்குள் ஒரு போட்டி, அவர்களால் கொடுக்க முடியும், பார்க்கிறவர்களுக்கும் சிரிப்பு. மைக்கில் இருப்பவர் யாருடைய பேரையும் சொல்லி இழுக்கக் கூடாது, தொகையை மட்டும்தான் சொல்லலாம். இந்த ஒரு விதியே பாதியைச் சரிசெய்யும்.

அப்புறம் ஒரு விஷயம், உங்கள் பீடத்தில் என்ன வைக்கிறீர்கள்? எங்கள் கோயிலில் நெற்கதிர் வேண்டும் என்று ஒரு வருஷம் ஆள் அனுப்பித் தேடினார்கள். சேலத்தில் பிழைக்கிற சபைக்கு எந்த வயல்? ஒருவர் பட்டறை, ஒருவர் தறி, ஒருவர் சேகோ ஃபேக்டரி. நாங்கள் இப்போது மரவள்ளிக் கிழங்கைக் கட்டோடு சாத்தி வைக்கிறோம், பக்கத்தில் ஒரு முறத்தில் ஜவ்வரிசி, பட்டறைக்காரர் ஒருவர் குழந்தைக் கொலுசு ஒரு ஜோடி கொண்டுவந்து வெற்றிலையில் வைத்தார், அதைப் பார்த்துவிட்டுத் தறிக்காரர் ஒரு துண்டு மடித்து வைத்தார். அந்தக் கொலுசை அந்த வருஷம் பிறந்த ஒரு பிள்ளைக்குப் போட்டுவிட்டோம், அதை யாரும் விலைக்கு விடவில்லை. உன் கோழி அண்ணனிடம் போய்ப் பாக்கியைப் பற்றிப் பேசாமல், பீடத்துக்கு ஒரு ஜோடி கொலுசு கொண்டுவர முடியுமா என்று கேட்டுப் பார். வெள்ளிக்குக் காசு நாம் கொடுத்துவிடலாம், கைவேலை அவருடையது.

பிடியரிசி இன்னும் உங்கள் வீடுகளில் இருக்கிறதா? உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவது. என் மாமியார் போகும்வரை செய்தார்கள். பணமே இல்லாத வீட்டிலிருந்தும் மாதம் ஒரு பை வந்துவிடும், அங்கே ஏலமும் இல்லை பாக்கியும் இல்லை.

கேரலைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பாட்டி விஷயம் படித்துவிட்டு அடுப்பை மறந்துவிட்டேன், ரசம் பொங்கிவிட்டது.


மலைக்காப்பி எழுதியது:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். எங்களுடையது தோட்டத்து ஜனங்கள் வருகிற சபை, மெதடிஸ்ட் இல்லை, ஆனால் தலைவலி ஒன்றுதான்.

அக்கா சொன்ன நெற்கதிர்க் கதை இங்கேயும் உண்டு. எங்களுக்கும் பல வருஷம் அக்டோபரில்தான் அறுப்பின் பண்டிகை. அக்டோபரில் மலையில் என்ன அறுப்பு? காப்பிச் செடியில் காய் பச்சையாக நிற்கும், மழை ஊற்றும், கொண்டை ஊசி வளைவு இருபதில் ஏதாவது ஒன்றில் கல் உருண்டு கிடக்கும். கையில் காசு சுத்தமாக இருக்காத மாதம் அது. அப்போது வந்து "முதற்பலனைக் கொண்டுவாருங்கள்" என்றால் ஜனங்கள் கடன் வாங்கித்தான் கொண்டுவருவார்கள், கொண்டுவந்தார்கள். அரபிக்காப் பழம் சிவப்பது நவம்பர் கடைசி, டிசம்பர், ஜனவரி. ஆரஞ்சும் அந்தச் சமயம். மிளகு அதற்கும் பின்னால். 1820களில் காக்பர்ன் என்ற கலெக்டர் இங்கே காப்பியைக் கொண்டுவந்து வைத்ததிலிருந்து இந்த மலையின் வருஷம் அப்படித்தான் ஓடுகிறது. பண்டிகைத் தேதியைப் போட்டவர்கள் மலைக்கு வந்ததே இல்லை போல.

எங்கள் ஆயர் ஒருவர் (இப்போது இங்கே இல்லை) இதைக் கேட்டுவிட்டு, பிப்ரவரிக்கு மாற்றிவிட்டார். பறிப்பு முடிந்து கணக்குத் தீர்ந்து கையில் பணம் வந்த பிறகு. அந்த முதல் வருஷம் பார்க்க வேண்டுமே. பழத்தோடு காப்பிக் கிளை, ஒரு படி பச்சை மிளகு, சௌசௌ, பலா, தேன், ஒரு கிழவர் சில்வர் ஓக் பலகையில் தானே செதுக்கிய ஒரு சின்ன ஸ்டூல். ஏலத்துக்கு ஊர் சுற்றிப் பார்க்க வந்த ஒரு பெங்களூர் குடும்பம் வழி தவறி உள்ளே வந்து, ஸ்டூலை எடுத்துக்கொண்டு போனது. கிழவர் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அறுப்பின் பண்டிகையை அக்டோபரிலேயே வைக்க வேண்டும் என்று வேதத்தில் இல்லை, மெதடிஸ்ட் சட்டத்திலும் இருக்காது என்று நினைக்கிறேன். இப்போது நாம் வைக்கிற மாதிரி கோயிலுக்குள் வைப்பது 1843இல் இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கம் ஹாக்கர் என்ற ஆங்கிலிக்கன் குரு தொடங்கிய வழக்கம், அவர்கள் ஊரில் அக்டோபர் கோதுமை வீட்டுக்கு வந்த நேரம். நம் ஊரில் மஞ்சளும் கரும்பும் பொங்கலை ஒட்டி, மாம்பழம் சித்திரை வைகாசியில். சேலத்துக்காரர்கள் மே மாதம் மல்கோவாவை வைத்துக் கொண்டாடினால் நான் இறங்கி வருகிறேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

உங்களுக்கு இதில் லாபம் என்னவென்றால், அக்டோபரிலிருந்து ஒரு பெரிய வேலை கழன்றுகொள்ளும். அந்தப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

வண்டி வேடிக்கைப் பையனை ஒன்றும் சொல்லாதீர்கள். இங்கே டிசம்பர் பனியில் பத்தடிக்கு முன்னால் ஆள் தெரியாது, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போகும்போது டோலக் சத்தத்தை வைத்துத்தான் நாங்கள் வந்துவிட்டோம் என்று கதவு திறப்பார்கள். ஒரு டோலக் போதும். ஸ்பீக்கர் வைத்தால் மூன்று தோட்டத்து நாயும் சேர்ந்து பாடும்.


தறிக்காரன் மகன் எழுதியது:

எல்லாரும் கேரல் ரவுண்டைப் பற்றி உருக்கமாகப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் வேறு பக்கம் சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

அம்மாபேட்டையில் நான் சின்னப் பையனாக இருந்தபோது, கேரல் வருகிற ராத்திரி எங்கள் அப்பா லைட்டை அணைத்துவிடுவார். தறி ஓடாத மாதங்களில். எங்களைச் சத்தம் போடாமல் படுக்கச் சொல்வார். வந்தால் முப்பது பேருக்குக் காப்பி, பலகாரம், அப்புறம் கவர். கவரில் எவ்வளவு போட்டோம் என்று பிறகு ரசீது வரும், ஆண்டறிக்கையில் பேர் வாரியாக அச்சாகும். 50 ரூபாய் போட்ட பேர் 500 ரூபாய் போட்ட பேருக்குக் கீழே. அவர்கள் வாசலில் நின்று ஒரு சரணம் பாடுவார்கள், அப்பா இருட்டில் உட்கார்ந்திருப்பார், ஜன்னல் சந்தில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் சுவரில் நகர்ந்து போகும். "தூங்கிட்டாங்க போல" என்று யாரோ சொல்வது கேட்கும். எனக்கு அந்தப் பாட்டு ஒவ்வொன்றும் மனப்பாடம், ஆனால் எங்கள் வீட்டு வாசலில் நின்று முழுசாகக் கேட்டதில்லை.

இருட்டாக இருக்கிற வீடெல்லாம் தூங்குகிற வீடு இல்லை, அதற்காகச் சொல்கிறேன். பாட்டி வீட்டில் நீங்கள் போகாமல் விட்டீர்கள், எங்கள் வீட்டில் நாங்கள் கதவைத் திறக்காமல் விட்டோம். வீடு வீடாகப் போவதை நிறுத்தினால் எங்கள் அப்பா மாதிரி ஆளுக்கு நிம்மதி. நிறுத்த மனசில்லை என்றால் கவரை நிறுத்துங்கள், பலகாரத்தை நிறுத்துங்கள். இரண்டும் இல்லாமல் வருகிறேன் என்று முன்னாடியே கோயிலில் அறிவித்துவிட்டு வாருங்கள்.


பழைய பெல்லோஸ் எழுதியது:

தறிக்காரன் மகன் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நான் பல வருஷம் சபைப் பொருளாளர், ஆண்டறிக்கையில் பேர் வாரியாக அச்சடித்தவன்.

"மெதடிஸ்ட் என்றால் இப்படித்தான்" என்று உங்கள் கமிட்டியில் இரண்டு பக்கமும் சொல்கிறார்கள் என்றீர்கள். வயசானவன், கொஞ்சம் பழைய கதை சொல்ல விடுங்கள். வாட்ச் நைட்டிலிருந்து வருகிறேன். அது புத்தாண்டுக்காக வந்ததே இல்லை. இங்கிலாந்தில் கிங்ஸ்வுட் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கக்காரர்கள், முன்பெல்லாம் ராத்திரியைச் சாராயக் கடையில் கழித்தவர்கள், மனம் திரும்பிய பிறகு அதே ராத்திரியில் கூடி ஜெபம் பண்ணிப் பாடிக்கொண்டிருந்தார்கள். இது என்ன ராத்திரியில் சத்தம், நிறுத்தச் சொல்லுங்கள் என்று, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியிடம் சிலர் போனார்கள். அவர் நிறுத்தவில்லை, நானும் வருகிறேன் என்றார். எந்த நாள் வைத்தார் தெரியுமா? பௌர்ணமிக்குப் பக்கத்து வெள்ளிக்கிழமை. ஜனங்கள் நடந்து வரவும் திரும்பிப் போகவும் நிலா வெளிச்சம் வேண்டும் என்று. 1742இல் லண்டனுக்கும் அந்த வழக்கம் வந்தது. வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போவார்கள் என்று யோசித்து நாள் குறித்த மனுஷன் அவர், நாம் இரண்டரை மணிக்குப் பெண்பிள்ளைகளை ஸ்கூட்டரில் அனுப்புகிறோம்.

உடன்படிக்கை ஆராதனையும் அப்படித்தான். முதல்முறை வைத்தது 1755 ஆகஸ்ட் 11, லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில், 1,800 பேர் எழுந்து நின்றார்களாம். ஆகஸ்ட்! புத்தாண்டோடு அது ஒட்டிக்கொண்டது பிறகுதான். அதனால் பிரித்து ஜனவரி முதல் ஞாயிறு காலையில் வைத்தால் ஒரு குற்றமும் இல்லை. என்னை வேலையில் வை, அல்லது ஒதுக்கி வை, இரண்டும் சரி என்று கடவுளிடம் சொல்கிற ஜெபம் அது, அதைக் கொட்டாவி விட்டுக்கொண்டு சொல்லக் கூடாது. அஸ்தம்பட்டித் தங்கச்சிக்கு இது தெரிந்திருக்கும், அவர்களுடைய வழிபாட்டுப் புத்தகத்திலும் உண்டு. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உண்டானபோது மன்னார்குடி வெஸ்லியன் ஜனங்கள் கையோடு கொண்டுபோன சொத்து. உங்கள் ஜங்ஷன் சபை அமெரிக்க மெதடிஸ்ட் வழியில் வந்ததாக இருக்கும், அந்த வழி 1947இல் சேரவில்லை, 1981இல் தனியாக இந்திய மெதடிஸ்ட் சபை ஆனது. தங்கச்சியின் கோயிலோ லண்டன் மிஷன் வழி, சேலத்தில் அவர்கள் 1827இலிருந்து இருக்கிறார்கள். இப்படி ஒருவர் வீட்டுக் குழம்பு இன்னொருவர் வீட்டுக்குப் போய்க் கலந்துதான் கிடக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1742 பிப்ரவரி, பிரிஸ்டல். கோயில் கட்டின கடன் கழுத்தை நெரிக்கிறது. எப்படி அடைப்பது என்று கூட்டம். ஃபாய் என்று ஒரு கேப்டன் எழுந்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்போம் என்றார். நிறையப் பேர் ஏழைகள், அந்த ஒரு பென்னியும் முடியாது என்றார் இன்னொருவர். அதற்கு ஃபாய் சொன்னது: மிகவும் ஏழையான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள். அவர்களால் முடிந்தால் சரி, முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நான் போடுகிறேன், நீங்களும் ஆளுக்குப் பதினொரு பேரை எடுத்துக்கொண்டு வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போங்கள். அப்படிக் காசு வாங்கப் போனவர்கள்தான் அங்கே ஒருவன் குடிக்கிறான், ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை, ஒரு வீட்டில் சண்டை என்று பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். மெதடிஸ்ட்களின் வகுப்புக் கூட்டம் பிறந்தது அப்படி, வேதாகம வகுப்பாக இல்லை, கடன் வசூலாக.

வகுப்புக் கூட்டமெல்லாம் நம் பக்கம் பேச்சோடு சரி. வருஷத்தில் ஒருமுறை எல்லா வீட்டு வாசலுக்கும் சபை போய் நிற்பது கேரல் ரவுண்டில் மட்டும்தான். அதை நிறுத்திவிட்டு வளாகத்தில் வைத்தால், வர முடிந்தவர்கள் வருவார்கள், பாட்டி வர மாட்டார், தறிக்காரரும் வர மாட்டார். ஆனால் ஆறு ராத்திரியில் 64 வீட்டுக்கு ஒரே கும்பல் போவது ஊர்வலம், அது யாரையும் பார்க்காது. 64ஐ ஐந்தாகப் பிரியுங்கள், பன்னிரண்டு பதின்மூன்று வீட்டுக்கு ஒரு ஆள். அந்த ஆள் தன் வீடுகளுக்கு ஐந்தாறு பேரோடு நடந்தே போகட்டும், ஒன்பது மணிக்குள் முடியட்டும். கவர் வேண்டாம். பலகாரம் வேண்டாம். அன்பின் விருந்து என்று நாம் பிரியாணிக்குப் பேர் வைத்திருக்கிறோம், வெஸ்லி மொரேவியர் என்ற ஜெர்மன் சபையாரிடம் கற்றுக்கொண்டு வைத்த அன்பின் விருந்தில் இருந்தது ரொட்டியும் தண்ணீரும். (பிரியாணிக்கு நான் விரோதி இல்லை, பேரை மட்டும்தான் சொல்கிறேன்.)

ஆனால் பாட்டி பால் காய்ச்சினால் குடியுங்கள். விதி விதி என்று அங்கேயும் போய் நிற்காதீர்கள்.

கோழிப் பாக்கியை யார் அடைப்பது என்று ஃபாய் சொல்லிவிட்டார். கடைக்காரர் அன்று விளையாட்டாகத்தானே கேட்டார், அவரிடம் தனியாகப் போய்ப் பேசிப் பாருங்கள்.


ஜங்ஷன்வாசி எழுதியது:

ஐயா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரம் ஆகிவிட்டது, கமிட்டி மூன்று தடவை கூடிவிட்டது, நடுவில் ஒருவர் ராஜினாமா கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

நோட்டீஸ் போர்டுப் பேப்பரை நான் எடுத்துவிட்டேன். பொருளாளர் கேட்டார், அக்கா பேரைச் சொல்லவில்லை, என் பேரிலேயே ஏற்றுக்கொண்டேன். கடைக்காரரிடம் பேசப் போனால் அவர் எனக்கு முன்னாடியே "அந்தக் கோழி விஷயம் எனக்குத் தூக்கமே வரலைப்பா" என்றார், 1,200 ரூபாயைக் கொடுத்துவிட்டு யார் கொடுத்தது என்று எழுத வேண்டாம் என்றார். பட்டறை அண்ணனைப் பார்க்கப் போனேன். பாக்கி முடிந்துவிட்டது என்றதும் முகம் சுருங்கியது, யார் என்று கேட்டார், சொல்லவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டார். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று நினைத்தேன். கொலுசு விஷயத்தைச் சொன்ன பிறகுதான் வெளியே வந்தார். வெள்ளிக்கும் காசு வேண்டாமாம். எத்தனை இஞ்ச், சலங்கை வைக்கவா வேண்டாமா என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை, அக்கா, பிறந்த குழந்தைக்கு எத்தனை இஞ்ச்?

அறுப்பின் பண்டிகையை இந்த வருஷம் மாற்ற முடியவில்லை, நோட்டீஸ் அச்சாகிவிட்டது. அடுத்த வருஷத்துக்கு மல்கோவா யோசனையை எழுதி வைத்திருக்கிறோம், பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேருக்கு வாயில் எச்சில் ஊறியது. உடன்படிக்கையை ஜனவரி முதல் ஞாயிறுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டோம். வாட்ச் நைட் பத்தரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டேகாலுக்கு முடியும் என்று போதகர் சொல்லியிருக்கிறார், பிரசங்கம் அவருடையது, பார்க்கலாம்.

கேரலுக்கு ஐந்து வட்டம் பிரித்தாயிற்று. கவர் கிடையாது என்று அறிவித்ததும் ஒரு குடும்பம் எங்களுக்கு மரியாதைக் குறைச்சல் என்று கோபித்துக்கொண்டது, அவர்கள் கோயில் பெட்டியில் போட்டுக்கொள்ளட்டும். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கத்து வட்டம் எனக்கு. பாட்டி வீடு முதல் வீடு, ஏழு மணிக்கு. நேற்றுப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். போன வருஷத்தைப் பற்றி மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன், அதற்குள் "எத்தனை பேர் வர்றீங்க, டம்ளர் சொல்லணும்" என்றார். ஆறு பேர் என்றேன். ஆறா, என் வீட்டிலேயே இருக்கிறது என்றார், அதில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்த மாதிரி எனக்குப் பட்டது.


வேன் பையன் எழுதியது:

அண்ணா, வண்டி வேடிக்கை என்று சீரியஸாகச் சொன்ன பையன் நான்தான். எனக்கும் ஒரு வட்டம் கொடுத்திருக்கிறீர்கள், பதின்மூன்று வீடு, லிஸ்டில் இரண்டு வீட்டுக்காரர்களை நான் பார்த்ததே இல்லை. சீரியல் செட் வேண்டாம், விட்டுவிட்டேன். டோலக் வேண்டும். நம் கோயில் டோலக்கில் ஒரு பக்கம் தோல் கிழிந்து மூன்று வருஷம் ஆகிறது. சேலத்தில் தோல் மாற்றிக் கொடுக்கிறவர்கள் யாரையாவது தெரியுமா? செவ்வாய்பேட்டைப் பக்கம் கேட்டேன், புதுசு வாங்கிக்கோ என்கிறார்கள்.


மலைக்காப்பி எழுதியது:

தம்பி, வாங்க வேண்டாம். எங்களிடம் இரண்டு இருக்கிறது, ஒன்றை வரும் சனிக்கிழமை காப்பி மூட்டை இறக்க வரும்போது கொண்டுவருகிறேன். ஐந்து ரோட்டில் வந்து வாங்கிக்கொள். ஜனவரியில் பத்திரமாகத் திருப்பிக் கொடு, பிப்ரவரியில் எங்களுக்கு அறுப்பின் பண்டிகை.